ஓட்டை விழுந்த கதவு

திறக்கவும் அடைக்கவும் ஆகாத கதவு ஒன்று அமெரிக்காவில் இருக்கிறது. மாசசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கே டீர்ஃபீல்டு என்று ஒரு சிற்றூர். 1798இல் பள்ளிக்கூடத்துக்காகக் கட்டிய செங்கல் கட்டடம் ஒன்று அங்கே இப்போது அருங்காட்சியகமாக இருக்கிறது. அதற்குள் நிலையும் இல்லாமல் வீடும் இல்லாமல் இந்தக் கதவு மட்டும் நிற்கிறது. தடித்த பலகைகளை இரண்டு அடுக்காகச் சேர்த்து, முகம் நிறைய ஆணி அறைந்து செய்தது. நடுவில் ஓர் ஓட்டை. தச்சன் போட்ட ஓட்டை இல்லை என்பது பார்த்ததும் தெரியும். கோடரியால் கொத்திக் கொத்திப் பெயர்த்தது, விளிம்பெல்லாம் சிராய்.

கதவுக்குள்ள மதிப்பெல்லாம் அந்த ஓட்டையால் வந்தது. ஓட்டை விழாமல் இருந்திருந்தால் என்றைக்கோ யார் வீட்டு அடுப்பிலோ எரிந்து முடிந்திருக்கும்.

கதவின் கதையை அது செய்யப்பட்ட நாளிலிருந்து தொடங்கினால் பாதிக் கதைதான் வரும். கொஞ்சம் முன்னால் போக வேண்டும்.

டீர்ஃபீல்டு என்பது பின்னால் வந்தவர்கள் வைத்த பெயர். கனெக்டிகட் ஆற்றின் பள்ளத்தாக்கில் இருந்த அந்த வண்டல் நிலம் பொகம்டக் என்ற பூர்வகுடி மக்களுடையது. மக்காச்சோளம் விளைந்த பூமி. 1660களில் மோஹாக் மக்களோடு நடந்த சண்டையில் பொகம்டக்குகள் சிதறினார்கள். அதே காலத்தில் பாஸ்டன் பக்கமிருந்த டெடம் என்ற ஊர்க்காரர்களுக்கு, வேறிடத்தில் அவர்கள் இழந்த நிலத்துக்கு ஈடாக, இங்கே 8,000 ஏக்கர் கொடுப்பதென்று காலனி அரசு முடிவு செய்தது. நிலத்துக்கு உரியவர்களிடம் கிரயப் பத்திரம் எழுதி வாங்கினார்கள். சாக் என்ற பொகம்டக் தலைவர் 1667இல் எழுதிக்கொடுத்த பத்திரத்தில் ஒரு நிபந்தனை உண்டு: மீன் பிடிக்கவும் வேட்டையாடவும் காட்டுக் கொட்டைகளைப் பொறுக்கவும் தம் மக்களுக்கு உரிமை தொடரும். நிலத்தை விற்கிறவர் அதிலே போய்வரும் உரிமையைக் கையில் வைத்துக்கொள்கிறார். போய்விடுகிறவர்கள் எழுதும் பத்திரமாக இது எனக்குத் தெரியவில்லை.

1675இல் மெட்டகாம் என்ற தலைவரின்கீழ் பூர்வகுடிகள் ஆங்கிலேயரை எதிர்த்துப் பெரும் போர் தொடுத்தார்கள். அந்தச் செப்டம்பரில், அறுவடைத் தானியத்தை வண்டிகளில் ஏற்றிக்கொண்டு போன டீர்ஃபீல்டு ஆட்களும் காவல் வீரர்களும் ஓர் ஓடைக்கரையில் கொல்லப்பட்டார்கள். அந்த ஓடைக்கு இன்றும் ‘இரத்த ஓடை’ என்றுதான் பெயர். அடுத்த மே மாதம், வடக்கே கொஞ்ச தூரத்தில், ஆற்று அருவியோரம் மீன்பிடிக் காலத்துக்காகக் கூடியிருந்த பூர்வகுடிகளை விடியும் நேரத்தில் ஆங்கிலேயப் படை தாக்கியது. இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். அந்தப் படைக்குத் தலைமை தாங்கிய டர்னரின் பெயரைத்தான் அங்கிருக்கும் ஊர் பின்னால் ஏற்றுக்கொண்டது. கதவின் ஓட்டையைப் பற்றிப் பேசும்போது இந்த அருவியை மறந்துவிடக் கூடாது. நெடுங்காலம் மறந்துதான் இருந்தார்கள்.

போரில் கைவிடப்பட்ட டீர்ஃபீல்டுக்கு 1682இல் மறுபடி ஆட்கள் திரும்பினார்கள். நியூ இங்கிலாந்தின் வடமேற்கு எல்லையில் கடைசி ஊர் என்று சொல்லும்படியான இடம். அதற்கப்பால் காடு. காட்டுக்கு அப்பால், 300 மைல் தள்ளி, பிரெஞ்சுக்காரர்களின் கனடா. ஊரின் நடுப்பகுதியைச் சுற்றி மரக்கழிகளை நெருக்கமாக நட்டு மதில் எழுப்பியிருந்தார்கள். அதற்குள் 1699 வாக்கில் ஜான் ஷெல்டன் என்பவர் ஒரு பெரிய வீடு கட்டினார். அந்த வீட்டின் தலைவாசல் கதவுதான் இது. எல்லையூரில் வீடு கட்டுகிறவர் வாசல் கதவுக்கு இரட்டைப் பலகை போடுவதில் வியப்பில்லை. செட்டிநாட்டு வீட்டில் கதவின் கனம் குடும்பத்தின் செல்வத்தைச் சொல்லும். ஷெல்டன் வீட்டில் அது பயத்தைச் சொன்னது.

பயந்தது நடந்தது. 1704, பிப்ரவரி 29. ஐரோப்பாவில் பிரான்சும் இங்கிலாந்தும் மோதிக்கொண்டிருந்தன. அதன் கிளைச் சண்டை இங்கே காட்டுக்குள் நடந்தது. அந்த நாளுக்கே இரண்டு தேதிகள் உண்டு. ஆங்கிலேயர் இன்னும் பழைய ஜூலியன் நாட்காட்டியில் இருந்தார்கள். தாக்க வந்த பிரெஞ்சுக்காரர்களின் கணக்கில் அது மார்ச் 11. ஒரே விடியலை இரு தரப்பும் இரு தேதிகளில் எழுதிவைத்தார்கள்.

எர்ட்டெல் த ரூவீல் என்ற அதிகாரியின் தலைமையில் 48 பிரெஞ்சுக் கனடியர்கள். அவர்களோடு அபெனாக்கி, மோஹாக், வென்டாட், பென்னகுக் எனப் பல பூர்வகுடிச் சமூகங்களிலிருந்து 200க்கு மேற்பட்ட வீரர்கள். மதிலோரம் காற்று குவித்துவைத்த பனி ஏணியாக உதவியது. உறங்கிக்கொண்டிருந்த ஊருக்குள் விடியும் முன்பே இறங்கிவிட்டார்கள். அப்போது ஊரில் ஏறத்தாழ 300 பேர். சுமார் 50 பேர் இறந்தார்கள். 112 பேரைச் சிறைபிடித்துக் கனடாவுக்கு நடத்திச் சென்றார்கள்.

ஷெல்டன் வீட்டுக் கதவு மட்டும் எளிதில் உடையவில்லை. கோடரிகளால் வெட்டினார்கள். முழுக் கதவும் பெயரவில்லை. ஓட்டை மட்டும் விழுந்தது. அதன் வழியாகத் துப்பாக்கியை நீட்டிச் சுட்டதில், படுக்கையிலிருந்து எழுந்துகொண்டிருந்த ஷெல்டனின் மனைவி ஹன்னா இறந்தார் என்பது ஊர் வழிவழியாகச் சொல்லும் செய்தி. அதே வீட்டில் மகனும் மருமகளும் மாடிச் சன்னல் வழியே குதித்தார்கள். மருமகளுக்குக் கால் பிசகிவிட்டது. நீ ஓடிப்போய் அடுத்த ஊரில் ஆள் கூட்டிவா என்று கணவனை அனுப்பிவிட்டு அவள் பிடிபட்டாள் என்பதும் அந்த வாய்மொழிக் கதைதான். கதவு சாட்சி சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றை: வெளியிலிருந்து யாரோ வெட்டினார்கள். மற்றதெல்லாம் மனிதர்கள் சொல்லிச் சொல்லிச் சேர்த்தது. பிடிபட்டவர்களை முதலில் அடைத்துவைக்க இந்த வீட்டையே பயன்படுத்தினார்கள். அக்கம்பக்கம் பல வீடுகள் எரிந்தன. இது எரியவில்லை.

சிறைபிடிக்கப்பட்டவர்களில் ஊர்ப் பாதிரியார் ஜான் வில்லியம்ஸின் குடும்பமும் இருந்தது. பிள்ளை பெற்றுச் சில வாரங்களே ஆன அவர் மனைவி, குளிர்ந்த ஆற்றைக் கடக்கும்போது விழுந்து, நடக்க முடியாமல், வழியிலேயே கொல்லப்பட்டார். வில்லியம்ஸ் 1706இல் விடுதலையாகி வந்து எழுதிய அனுபவ நூல் 1707இல் அச்சேறி, நியூ இங்கிலாந்து முழுக்கப் பரவியது. ஜான் ஷெல்டனோ, மனைவியை இழந்து, பிள்ளைகளைப் பறிகொடுத்த நிலையில், பனிக்காட்டு வழியாகக் கனடாவுக்கு மூன்று முறை போனார். ஆள் மீட்கும் தூதுவராக. மருமகளை மீட்டார், பிறர் பிள்ளைகளையும் மீட்டார். அவரைப் பற்றி ஒரு தனி நூல் எழுதலாம். ஊரின் நினைவில் ஏனோ அந்த நடையைவிட ஓட்டைதான் ஆழமாகப் பதிந்தது.

பாதிரியாரின் மகள் யூனிஸ் திரும்பவில்லை. பிடிபட்டபோது ஏழு வயது. மாண்ட்ரியல் அருகே கானவாக்கே என்ற மோஹாக் ஊரில் வளர்ந்தாள். ஆங்கிலம் மறந்தது. கத்தோலிக்கத்துக்கு மாறினாள். அரோசன் என்ற மோஹாக் இளைஞனை மணந்தாள். அப்பா வந்து கெஞ்சியும், தூதுவர்கள் போய்ப் பேசியும் அசையவில்லை. 1740 முதல், அண்ணன் ஸ்டீவனைப் பார்க்கக் கணவனோடு சில முறை வந்து போனாள், தங்கவில்லை. 1785இல் கானவாக்கேயில் இறந்தாள். நியூ இங்கிலாந்தின் பக்திமான்களுக்கு அவள் ஒரு தீராத புண். நமக்கு, கதவுக்கு அந்தப் பக்கம் போய் அங்கேயே வீடு கண்டவள்.

இனி கதவுக்கு வருவோம். போர்கள் ஓய்ந்த பிறகு வீடு கைமாறி ஹாய்ட் குடும்பத்தாரிடம் வந்தது. ஒரு காலம் விடுதியாகவும் நடந்தது. வழிப்போக்கர்கள் குடிக்க வந்தார்கள், ஓட்டையைத் தடவிப் பார்த்தார்கள், கதை கேட்டார்கள். வீட்டுக்கே ‘பழைய இந்தியன் வீடு’ என்று பெயர் நிலைத்தது. வீட்டைக் கட்டியவர் ஆங்கிலேயர், வாழ்ந்தவர்கள் ஆங்கிலேயர், பெயர் மட்டும் வெட்ட வந்தவர்களுடையது!

1837 ஆகஸ்டில் நடந்த ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். கனடாவின் ஓடனாக் ஊரிலிருந்து அபெனாக்கிக் குடும்பங்கள் சில டீர்ஃபீல்டுக்கு வந்தன. பாதிரியார் வில்லியம்ஸும் அவர் மனைவியும் எங்கள் முன்னோர், யூனிஸின் வழி வந்தவர்கள் நாங்கள் என்றார்கள். கல்லறைகளைப் பார்த்தார்கள். ஊருக்குப் பக்கத்தில் கூடாரமடித்து ஒரு வாரம் போலத் தங்கினார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கும் வந்தார்கள். அவர்களை முன்வைத்தே அன்றைய பிரசங்கம் நடந்தது. ஜான் ஷெல்டன் வழி வந்த ஜார்ஜ் ஷெல்டன் என்ற இளைஞனுக்கு அப்போது 18 வயது. இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1847இல் வீட்டுக்காரர் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட எண்ணினார். ஊரில் சிலர் பதறினார்கள். பணம் திரட்டி வீட்டைக் காப்போம் என்று வேண்டுகோள் அச்சிட்டு அனுப்பினார்கள். ஒரு தனியார் வீட்டை அதன் வரலாற்றுக்காகக் காப்பாற்ற அமெரிக்காவில் நடந்த முதல் முயற்சி என்று இதைச் சொல்வார்கள். ஜார்ஜ் வாஷிங்டனின் வீட்டைக் காக்கப் பெண்கள் சங்கம் கூடியதே இதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். முயற்சி தோற்றது. பணம் சேரவில்லை. 1848இல் வீடு தரைமட்டமானது. கதவை மட்டும் ஹாய்ட் குடும்பம் எடுத்து வைத்துக்கொண்டது.

நிலையும் கீலும் போன கதவு என்பது விற்கக்கூடிய பொருள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டாம். சுவரில் சாய்த்துவைத்த பர்மாத் தேக்குக் கதவுகள், விலை பேச வரும் வெளியூர்க்காரர்கள். டீர்ஃபீல்டு கதவுக்கும் அந்த நாள் வந்தது. 1863இல், உள்நாட்டுப் போர் உச்சத்தில் இருந்தபோது, பாஸ்டன் அருகே நியூட்டனில் வாழ்ந்த ஸ்லேட் என்ற மருத்துவர் அதை வாங்கிப் போனார். பழம்பொருளில் ஆசை உள்ளவர். சட்டப்படி குற்றம் சொல்ல ஏதுமில்லை. விற்றவருக்குப் பணம், வாங்கினவருக்குப் பொருள்.

வீடு இடிந்தபோது கை விரித்த ஊர், கதவு போனதும் கொதித்தது. மனிதர்கள் இப்படித்தான். கண் முன்னால் இருக்கும்வரை அது பழைய மரம். வண்டியில் ஏறிப் போனதும் பாட்டன் சொத்து. திருப்பிக் கொடுங்கள் என்ற குரல்கள் எழுந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் மருத்துவர் கதவை ஊருக்கே விட்டுக்கொடுத்தார். தான் மதித்து வாங்கிய பொருளை, அதைத் தன்னைவிட அதிகம் மதிக்கிறவர்களுக்குக் கொடுத்த அந்த மனிதரை ஊரின் நன்றிப் பட்டியலில் மேலே வைக்கலாம்.

கதவு வந்தது. எங்கே வைப்பது? அதை மாட்ட ஒரு வீடில்லை. 1870இல் பொகம்டக் பள்ளத்தாக்கு நினைவுச் சங்கம் என்ற உள்ளூர் வரலாற்றுச் சங்கம் உருவானதற்குக் கதவு ஒன்றே காரணமில்லை. ஆனால் வீட்டை இழந்த அவமானமும் கதவை மீட்ட தெம்பும் அதன் பின்னால் நிச்சயம் இருந்தன. சங்கத்தை முன்நின்று நடத்தியவர், மேலே சொன்ன ஜார்ஜ் ஷெல்டன். விவசாயக் குடும்பத்துக்காரர். கல்லூரிப் பட்டம் பெற்ற வரலாற்றாசிரியர் இல்லை. தாமாகத் தேடிப் படித்து, பத்திரம் பத்திரமாக, பரண் பரணாக ஏறி இறங்கியவர். அவர் எழுதிய டீர்ஃபீல்டு வரலாறு 1890களில் இரண்டு பெரும் தொகுதிகளாக வந்தது. 1916இல், 98 வயதில் இறக்கும்வரை சங்கம்தான் அவர் மூச்சு. ஒவ்வொரு ஊர் வரலாற்றுச் சங்கத்திலும் இப்படி ஒருவர் இருப்பார்; அவர் இல்லாவிட்டால் சங்கமே இருக்காது, அவர் இருப்பதால் அவர் கண்ணால்தான் எல்லாவற்றையும் பார்க்க வேண்டியிருக்கும்.

பழைய பள்ளிக்கூடக் கட்டடத்தைச் சங்கம் பெற்று, 1880இல் நினைவு மண்டபத்தைத் திறந்தது. ராட்டை, பாத்திரம், படுக்கை, பூட்டு, பைபிள் என்று பள்ளத்தாக்கின் வீடுகளிலிருந்து வந்தவற்றை அடுக்கினார்கள். ஒரு பழங்கால அடுப்படியை அப்படியே ஓர் அறையாக அமைத்துக் காட்டினார்கள். பொருளைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்காமல் அதன் இடத்திலேயே வைத்துக் காட்டும் இந்த வழக்கத்தில் அமெரிக்க அருங்காட்சியகங்களுக்கு இவர்கள் முன்னோடிகள். கதவு மண்டபத்தின் தலைமைப் பொருளாயிற்று. ஓர் அறையின் சுவர்களில் பளிங்குப் பலகைகள் பதித்து, 1704இல் இறந்தவர்கள், சிறைபோனவர்கள் பெயர்களைப் பொறித்தார்கள். கொன்றவர்களைக் குறிக்க அந்தக் காலத்து வெள்ளையர் வாயில் வந்த வசைச்சொற்களும் பளிங்கில் ஏறின.

சங்கத்தின் நோக்க அறிக்கையில் ஒரு சொல் இருந்தது. ஆதிக் குடியேறிகளின் வரலாற்றையும், அவர்கள் முன் மறைந்துபோன இனத்தின் வரலாற்றையும் காப்பது நோக்கம் என்பது அதன் சாரம். மறைந்துபோன இனம்! சங்கத்துக்குப் பெயரே பொகம்டக். அந்தப் பெயருக்குரியவர்கள் இல்லை என்பது அதன் அறிக்கை. 33 ஆண்டுகளுக்கு முன் இதே ஊரில் கூடாரமடித்து ஒரு வாரம் இருந்துவிட்டுப் போனார்களே, அவர்கள் யார்? அப்போது 18 வயது ஜார்ஜ் ஷெல்டனுக்கு. ஊர் வரலாற்றை எழுதியவருக்கு அது தெரியாமல் போயிருக்க முடியாது. தெரிந்தும் மறைந்துவிட்டார்கள் என்று எழுத முடிந்தது என்பதுதான் விசித்திரம். அவருடைய உழைப்பை நான் குறைத்துச் சொல்லவில்லை. அவர் காக்காமல் போயிருந்தால் இன்று அவரோடு வாதாடக்கூட நம்மிடம் ஆவணம் இருக்காது. ஆனால் அழிந்த இனத்துக்கு நினைவகம் எழுப்புவது எளிது; உயிரோடு வந்து வாசலில் நிற்பவர்களுக்கு நிலத்துக்கான பதிலைச் சொல்ல வேண்டியிருக்கும். இந்த வசதி அவருக்கும் அவர் காலத்தவருக்கும் வேண்டியிருந்தது.

நம் ஊரில் செங்கம் பக்கத்து நடுகற்களைப் படித்தவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மாட்டுத் தொறுவை மீட்கப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. கவரப் போய் இறந்தவனுக்கும் கல் உண்டு. இரண்டு பக்கமும் ஆள் செத்திருக்கிறான் என்பதைக் கல் ஒப்புக்கொள்கிறது. டீர்ஃபீல்டு பளிங்குக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை.

மாற்றத்தின் முதல் விதை சங்கத்துக்குள்ளிருந்தே முளைத்தது. ஆலிஸ் பேக்கர் என்ற பள்ளி ஆசிரியை, சங்கத்தின் முனைப்பான உறுப்பினர். திரும்பி வராதவர்களுக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. கனடாவுக்குப் போனார். தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமணப் பதிவேடுகளைப் புரட்டினார். பிரெஞ்சுப் பாதிரிகள் காதில் விழுந்தபடி எழுதிவைத்த பெயர்களுக்குள் டீர்ஃபீல்டு பிள்ளைகளைத் தேடி எடுத்தார். ஜோசையா ரைசிங் என்ற சிறுவனும் அபிகேல் நிம்ஸ் என்ற சிறுமியும் 1704இல் பிடிபட்டவர்கள். பூர்வகுடிகளிடையே வளர்ந்து, அங்கேயே ஒருவரையொருவர் மணந்து, ‘ரெய்சென்’ என்ற பெயரில் ஒரு கனடியக் குடும்பத்தைத் தொடங்கினார்கள். ரைசிங் என்பதுதான் பதிவேட்டில் ரெய்சென் ஆகியிருந்தது. பேக்கர் இந்தக் கதைகளையெல்லாம் தொகுத்து 1897இல் நூலாக்கினார். ஊர் இதுவரை கல்லறைக் கணக்கில் வைத்திருந்தவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருப்பது தெரியவந்தது. கதவின் ஓட்டை வழியாக வெளியே பார்த்த முதல் டீர்ஃபீல்டுக்காரர் என்று அவரைச் சொல்வேன். அவரும் தம் காலத்தின் சொற்களில்தான் எழுதினார், இருந்தாலும் பார்த்தார்.

அதன்பின் பல பத்தாண்டுகள் கதவு சும்மா நின்றது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக வந்து பார்த்தார்கள். 1929இல் இடிந்த வீட்டைப் போலவே ஒரு மாதிரி வீட்டை ஊர்த் தெருவில் கட்டினார்கள். அசல் வீட்டுக்குக் கிடைக்காத பணம், எண்பது ஆண்டு கழித்து நகலுக்குக் கிடைத்தது. இது டீர்ஃபீல்டுக்கு மட்டும் உரிய விந்தையில்லை என்பது நம் ஊர்களில் பழைய கட்டடங்களை இடித்துவிட்டு வளைவுகள் கட்டுவதைப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

இருபதாம் நூற்றாண்டின் கடைசியில்தான் கேள்விகள் உரக்க எழுந்தன. வரலாற்றாசிரியர் ஜான் டெமோஸ் 1994இல் யூனிஸைப் பற்றி எழுதிய நூல் அவளைப் பரிதாபத்துக்குரிய கைதியாக அல்லாமல், ஒரு வாழ்க்கையைத் தேர்ந்தெடுத்தவளாகப் பார்க்க வைத்தது. அபெனாக்கி வழிவந்த ஆய்வாளர் மார்கரெட் புரூஷாக் போன்றவர்கள், மறைந்துபோனார்கள் என்ற கதை எப்படிக் கட்டப்பட்டது என்பதைச் சங்கத்தின் சொந்த ஆவணங்களிலிருந்தே எடுத்துக் காட்டினார்கள். ஊர் வழக்கில் அதுவரை ‘படுகொலை’ என்றே இருந்தது. ‘தாக்குதல்’ என்ற சொல் மெல்ல அதன் இடத்துக்கு வந்தது. சொல் மாறியதால் இறந்தவர்கள் குறையவில்லை. படுகொலை என்றால் காரணம் கேட்கத் தோன்றாது. தாக்குதல் என்றால் யார், எதற்கு, யாரோடு கூட்டு என்று கேட்கத் தோன்றும். அருவியோரத்து 1676உம் அப்போதுதான் பேச்சில் நுழையும்.

2004இல் முந்நூறாம் ஆண்டு. சங்கம் ஒரு விழா எடுத்து மலர் வெளியிட்டு ஓய்ந்திருக்கலாம். மாறாக, அந்த ஒரே விடியலை ஐந்து பக்கங்களிலிருந்து சொல்லும் ஒரு மின்தளத்தைப் பூர்வகுடி ஆய்வாளர்களோடு சேர்ந்து உருவாக்கியது: ஆங்கிலேயர், பிரெஞ்சுக்காரர், அபெனாக்கி உள்ளிட்ட வாபனாக்கி மக்கள், மோஹாக், வென்டாட். எல்லாரும் ஒரே காட்சியைப் பார்க்கிறார்கள். ஒவ்வொருவரும் அங்கு வந்த காரணம் வேறு. பிரெஞ்சுக்காரருக்கு அது பேரரசுப் போர். அபெனாக்கியருக்கு மண். மோஹாக் வீட்டார் பலருக்கு, இறந்துபோன உறவின் இடத்தை நிரப்பப் பிள்ளை கொண்டுவருதல். சிறைபிடித்த குழந்தையைத் தத்தெடுத்து, இறந்தவரின் பெயரையே அதற்குச் சூட்டும் வழக்கம் அவர்களிடம் இருந்தது. யூனிஸ் ஏன் திரும்பவில்லை என்பதற்கு ஆங்கிலேய ஏடுகளில் கிடைக்காத விடை இதில் இருக்கிறது. அவள் அங்கே கைதியாக இல்லை, மகளாக இருந்தாள்.

கானவாக்கேயிலும் ஒரு கதை உண்டு. அதிலும் ஒரு பொருள்தான் நாயகன்: கோயில் மணி. தங்கள் தேவாலயத்துக்காகப் பிரான்சிலிருந்து கப்பலில் வந்த மணியை ஆங்கிலேயர் வழியில் பறித்து டீர்ஃபீல்டில் மாட்டிவிட்டார்கள். அதை மீட்கத்தான் 1704இல் போனோம் என்கிறது கதை. ஆவணங்கள் இதற்கு ஆதரவாக இல்லை. வரலாற்றாசிரியர்கள் பலர் ஏற்பதில்லை. ஏற்காவிட்டாலும் கதையின் உள்ளீடு புரிகிறது. டீர்ஃபீல்டு ஒரு கதவைக் காட்டி, எங்களை உடைத்தார்கள் என்றது. கானவாக்கே ஒரு மணியைச் சொல்லி, எங்களிடமிருந்து எடுத்தார்கள் என்றது. ஒருவருக்கு ஒருவர் கேட்காத தொலைவில் இரண்டு ஊரும் நூற்றாண்டுக்கணக்கில் இதைச் சொல்லிக்கொண்டிருந்தன.

கதவுக்கு இதில் எதுவும் ஆகவில்லை. ஆணிகள் அங்கேயே இருக்கின்றன, ஓட்டை அதே ஓட்டை. 1880இல் அதன் முன் நின்றவர் உள்ளே இருந்தவர்களின் திகிலை மட்டும் பார்த்தார். இன்று நிற்பவருக்கு வெளியே, பனியில், 300 மைல் நடந்து வந்த களைப்போடு கோடரி ஓங்கியவனும் தெரிய வாய்ப்பு இருக்கிறது. ஒரு சின்னச் சங்கம், தன் நிறுவனரின் சொல்லையே திருத்தும் அளவுக்கு வளர 130 ஆண்டு ஆகியிருக்கிறது. மெதுவாகத்தான். ஆனால் கதவை விற்றுவிட்ட ஊர் எதுவும் அந்த வேகத்தில்கூட வளர முடியாது. திருத்துவதற்கு அங்கே எதுவும் மிஞ்சியிருக்காது.

காரைக்குடிக் கடைகளில் சாய்ந்து நிற்கும் கதவுகளுக்கு மறுபடி வருகிறேன். அவற்றில் பல இனி சொந்த ஊர் திரும்பப் போவதில்லை. விற்பவரைக் குறை சொல்லவும் நான் வரவில்லை. பராமரிக்க வழியில்லாத வீட்டைப் பங்காளிகள் என்ன செய்வார்கள். ஒன்று மட்டும் செய்யலாம். கதவைக் கழற்றும் முன் அது நிலையில் இருக்கும்போதே ஒரு படம் எடுங்கள். ஒரு தாளில் ஊர், தெரு, வீட்டுப் பெயர், கட்டிய ஆண்டு தெரிந்தால் ஆண்டு, அந்த வாசலைத் தாண்டி நுழையக் கூடாது என்று நிறுத்தப்பட்டவர்கள் யாராவது இருந்தால் அதையும் சேர்த்து எழுதி, ஒரு பிரதியைக் கதவோடு கொடுத்துவிட்டு, இன்னொன்றை ஊர் நூலகத்தில் வையுங்கள்.